சிறிய இறால் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முட்டையிலிருந்து வெளிவரும் செர்ரி இறால் குஞ்சு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் உடல் கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால், கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும் இரண்டு கண்களை வைத்துத்தான் அதை அடையாளம் காண முடியும். தாயின் வயிற்றடியிலிருந்து விடுபட்ட நேரம் முதல் அது தானே மேய்ந்து உண்ண வேண்டும்; ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் வலு அதற்குக் கிடையாது. தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டரோ மோட்டார் வைத்த உள் ஃபில்டரோ ஓடும் தொட்டியில், இத்தகைய குஞ்சுகள் உறிஞ்சுகுழாயின் துளைகள் வழியாக இழுக்கப்பட்டுக் காணாமல் போகின்றன. இறால்கள் சினை பிடிக்கின்றன, ஆனால் எண்ணிக்கை மட்டும் கூடவேயில்லை என்று ஒருவர் வருந்தினால், அவருடைய தொட்டியில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளைகளைத்தான்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அப்படியொரு வாய் இல்லை. தண்ணீர் ஸ்பாஞ்சின் மேற்பரப்பு முழுவதிலும் பரவி மெதுவாக உள்ளே செல்வதால், அதன்மேல் உட்காரும் குஞ்சை எதுவும் இழுப்பதில்லை. அங்கே படியும் நுண்ணுயிர்ப் படலமும் உணவுத் துகள்களும் குஞ்சுக்குத் தீனியாகவும் ஆகின்றன. சில மாதங்கள் ஓடிய ஸ்பாஞ்சை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முன்கால்களின் நுனியில் இருக்கும் தூரிகை போன்ற மயிர்க்கற்றைகளால் குஞ்சுகள் ஒவ்வொரு துளையின் விளிம்பையும் சுரண்டுவதும், இடக்கை வலக்கை என்று மாற்றி மாற்றி வாய்க்குக் கொண்டுபோவதும் தெரியும்.

இந்த வழிகாட்டி 20 முதல் 30 லிட்டர் வரையிலான நன்னீர்த் தொட்டியையும், அதில் பெரும்பாலோர் முதலில் வளர்க்கும், செர்ரி இறால் அடங்கிய நியோகாரிடினா வகையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகைகளுக்கு முறை மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

இது வேலை செய்யும் விதம்

ஸ்பாஞ்சின் நடுவே நிற்கும் குழாயை லிஃப்ட் டியூப் என்பார்கள். ஏர் பம்பிலிருந்து வரும் காற்று இந்தக் குழாயின் அடியில் குமிழிகளாக வெளிப்படும்போது, குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் குமிழிகளோடு கலந்து, வெளியே உள்ள தண்ணீரைவிட அடர்த்தி குறைந்ததாகிவிடுகிறது. அடர்த்தி மிகுந்த வெளித்தண்ணீர் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வர, குழாய்க்குள் இருப்பது மேலேறி வெளியே கொட்டுகிறது. தண்ணீரை இழுக்கும் விசிறி எதுவும் இல்லாமல் நீரோட்டம் பிறப்பது இப்படித்தான். இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. காற்று எவ்வளவு ஆழத்தில் விடப்படுகிறதோ அந்த அளவுக்கு ஓட்டம் வலுக்கும். ஒரே அளவு காற்று சில பெரிய குமிழிகளாக வருவதைவிடப் பல சிறு குமிழிகளாக வந்தால் தண்ணீர் சீராக ஏறும், சத்தமும் குறையும்.

தூசியைப் பிடிப்பது இந்த ஃபில்டரின் சிறிய வேலை. இறால்களின் செவுள்களிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவிலிருந்தும், அழுகும் இலைகளிலிருந்தும் இடைவிடாமல் வெளிப்படும் நச்சு அம்மோனியாவைக் கையாள்வதுதான் பெரிய வேலை. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஒரு பரப்பில் ஒட்டி வாழ்பவை. ஸ்பாஞ்சின் உட்புறத் துளைகள் அந்தப் பரப்பைத் தருகின்றன, காற்றுக் குமிழிகளால் ஓடும் தண்ணீர் ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் செலவாகும் என்பதை நினைத்தால், காற்று நின்றால் இந்த வேலையும் ஏன் நிற்கிறது என்பது புரியும். இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும், இந்த உயிர்க்கூட்டத்தை வளர்ப்பதும் அதைக் கலைக்காமல் காப்பதுமே என் கவலை.

என்னென்ன வாங்க வேண்டும்

ஸ்பாஞ்சின் துளை அளவைப் பிபிஐ என்ற கணக்கில் குறிப்பிடுவார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளைகள் வருகின்றன என்பதே அது. இறால் தொட்டிக்கு 30 பிபிஐ அளவு பொருத்தமானது. 20 பிபிஐ சீக்கிரம் அடைக்காது, ஆனால் மிகச்சிறு குஞ்சுகள் அதன் துளைகளுக்குள் நுழைந்துகொள்ளும்; ஓட்டம் மெதுவானது என்பதால் அவை செத்துவிடுவதில்லை, என்றாலும் சுத்தம் செய்யும் நாளில் ஆபத்தில் சிக்கும். 40-க்கு மேற்பட்ட மிக நுண்ணிய ஸ்பாஞ்ச் சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்வதால், அதை அடிக்கடி பிழிய வேண்டியிருக்கும். அடிக்கடி பிழிவது நமக்கு வேண்டாத வேலை. விட்டம் 5 அல்லது 6 சென்டிமீட்டரும் உயரம் 7 முதல் 10 சென்டிமீட்டரும் உள்ள ஒற்றை ஸ்பாஞ்ச் இந்த அளவுத் தொட்டிக்குத் தாராளமாகப் போதும். இடம் இருந்தால் இரட்டை ஸ்பாஞ்ச் வைப்பதில் ஒரு வசதி உண்டு: ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றொன்று தொந்தரவில்லாமல் இருக்கும். அடியில் கனமான பீடம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது, ஏனெனில் கனமில்லாதவை முதல் வாரம் முழுவதும் மிதந்து வெறுப்பேற்றும்.

ஏர் பம்ப் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் காற்று தந்தால் போதும். அளவுக்கு மீறிய பம்பை வாங்கி அதன் காற்றை இறுக்கிக் குறைப்பதால் பம்பின் ரப்பர் சவ்வு விரைவில் தேய்கிறது. இவற்றோடு ஏர் டியூப், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்லான, லிஃப்ட் டியூபுக்குள் அடங்கும் சிறிய ஏர் ஸ்டோன், காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு, தண்ணீர் திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் செக் வால்வு ஆகியவை வேண்டும். வால்வுகளைப் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். பித்தளையில் தாமிரம் இருக்கிறது. மிகக் குறைந்த அளவுத் தாமிரம்கூட இறாலுக்கு நஞ்சு என்பதால், அதை அருகில் சேர்க்காமலிருப்பதே பாதுகாப்பு.

செக் வால்வு இல்லாமல் இந்த அமைப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது மின்சாரம் நின்றால், ஏர் டியூபுக்குள் தண்ணீர் ஏறி, சைஃபன் போல் இறங்கத் தொடங்கும். காற்று வெளிவரும் முனை லிஃப்ட் டியூபின் அடியில், அதாவது தொட்டியின் தரைக்கு அருகில் இருப்பதால், தொட்டித் தண்ணீரின் பெரும்பகுதியும் அந்த மெல்லிய டியூப் வழியாகவே தரைக்குப் போய்விடும். மின்சாரம் பாயும் பம்பும் நனைந்திருக்கும். இத்தனைக்கும் காவல் ஒரு விரல்நுனி அளவுள்ள வால்வுதான்.

முதல் படி: கழுவுவதும் பொருத்துவதும்

புதிய ஸ்பாஞ்சில் தயாரிப்பின்போது தங்கிய தூசியும் சில நேரம் மெல்லிய மணமும் இருக்கும். சோப்போ வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவமோ சேர்க்காமல், வெறும் தண்ணீரில் நாலைந்து முறை பிழிந்து அலச வேண்டும். இந்த ஒருமுறை மட்டும் குழாய்த் தண்ணீர் போதும், ஏனெனில் இப்போது அதில் காப்பாற்ற வேண்டிய உயிர் எதுவும் இல்லை.

பிறகு ஏர் ஸ்டோனை ஏர் டியூபின் முனையில் செருகி, லிஃப்ட் டியூபின் அடிப்பகுதி வரை, ஸ்பாஞ்சின் நடுப்பகுதியை அல்லது அதற்குக் கீழே எட்டும்படி இறக்குங்கள். சில மாதிரிகளில் ஏர் ஸ்டோனுக்கு இடமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் முனை மட்டும் இருக்கும். அது பெரிய குமிழிகளைக் கடகடவென்று விடும் என்றாலும் வேலை நடக்கும். சத்தம் உறுத்தினால் மட்டும் மெல்லிய ஏர் ஸ்டோனாகத் தேடி வாங்கலாம். லிஃப்ட் டியூபின் மேல்முனை நீர்மட்டத்தோடு ஒட்டி, அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கும்படி நீளத்தை வெட்டிக்கொள்ளுங்கள். குழாய் நீர்மட்டத்துக்கு மேலே நீண்டிருந்தால் தண்ணீரை அந்த உயரத்துக்கும் தூக்க வேண்டியிருப்பதால் ஓட்டம் தளரும். கோடையில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும்போது ஃபில்டர் திடீரென மெலிந்துபோனதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் படி: தொட்டியில் இடம் பார்ப்பது

பின்பக்க மூலை வழக்கமான இடம். கண்ணாடியோடு ஒட்டவைத்தால் அந்தப் பக்கத்துத் துளைகள் வீணாகிவிடும் என்பதால், சுற்றிலும் 2 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பீடத்தை மணலுக்குள் புதைக்கவும் கூடாது. மணல்மேல் சமமாக வைத்தால் போதும். உணவு போடும் இடம் ஃபில்டரிலிருந்து விலகி இருக்கட்டும். இல்லாவிட்டால் பொடி உணவு இறால் வாய்க்குப் போகுமுன் ஸ்பாஞ்சில் போய் அடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, செடிகளையும் கட்டைகளையும் கலைக்காமல் கையை நீட்டி ஃபில்டரை எடுக்க முடியுமா என்று தொட்டியை அலங்கரிக்கும் நாளிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். எடுக்கக் கடினமான ஃபில்டரை யாரும் காலாகாலத்தில் சுத்தம் செய்வதில்லை.

ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கைக்குள் வைத்துப் பலமுறை பிழியுங்கள். உள்ளே அடைபட்ட காற்று குமிழிகளாக வெளியேறும். கடைசிக் குமிழி போகும்வரை பிழிந்தால்தான் அது அடியில் நிற்கும்.

மூன்றாம் படி: காற்றுப் பாதை

செக் வால்வில் காற்று செல்ல வேண்டிய திசை பெரும்பாலும் அம்புக்குறியால் காட்டப்பட்டிருக்கும். குறி இல்லையென்றால் வாயால் ஊதிப் பாருங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று மறுபக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பம்பை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் ஒரு குமிழிகூட வராது. பம்ப் பழுது என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. செக் வால்வைத் தொட்டிக்கு அருகில், நீர்மட்டத்துக்கு மேலே வருமாறும், காற்றைக் குறைக்கும் வால்வைப் பம்புக்கும் செக் வால்வுக்கும் நடுவிலும் வைத்தால் இரண்டும் கைக்கு எட்டும். பம்பின் மின்கம்பியை நேராகச் செருகுமிடத்துக்கு இழுக்காமல், ஓரிடத்தில் தாழத் தொங்கி மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

பம்பை எங்கே வைப்பது என்பதைப் பலர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. பம்ப் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் என்ன மிதக்கிறதோ அது தொட்டிக்குள் வருகிறது. பூச்சிமருந்துத் தெளிப்பான்களில் சாதாரணமாக இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளைக் கொல்வது போலவே இறால், நண்டு வகைகளையும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். ஒரு முறை என் தொட்டி இருந்த அறையில் எறும்புக்கு மருந்து தெளித்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறால்கள் நிலைகொள்ளாமல் தொட்டி முழுதும் சுற்றிச் சுற்றி நீந்தின, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறின, மறுநாள் காலையில் எஞ்சியவை நான்கு. தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவே இருந்தன. அன்றிலிருந்து தொட்டி உள்ள அறையில் தெளிப்பானுக்கு இடமில்லை. பக்கத்து அறையில் தெளிக்க வேண்டி வந்தாலும், கதவை அடைத்து, பம்பைச் சில மணி நேரம் நிறுத்திவிடுகிறேன்.

நான்காம் படி: ஓடவிட்டுச் சரிசெய்வது

குளோரின் நீக்கும் திரவம் கலந்த தண்ணீரால் தொட்டியை நிரப்பிய பின் பம்பை இயக்குங்கள். குளோரின் மட்டும் உள்ள தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும்; ஆனால் குளோரமைன் கலந்த தண்ணீரில் அந்த வழி பலிக்காது, அதற்கு உரிய திரவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காற்றை முழுதாகத் திறந்து தொடங்கி, படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். லிஃப்ட் டியூபின் வாயருகே நீர்ப்பரப்பு மெல்ல நெளிய வேண்டும். அந்த நெளிவு எதிர்ப்பக்கக் கண்ணாடியை எட்டும்போது ஏறத்தாழத் தளர்ந்துவிட வேண்டும். ஆக்ஸிஜனில் பெரும்பகுதி தண்ணீருக்குள் சேர்வது குமிழிகளிலிருந்து அன்று, இப்படி அசையும் மேற்பரப்பின் வழியாகவே. மிதக்கும் உணவுத் துணுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால், அது தொட்டியை மெதுவாக ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். தாறுமாறாகத் தள்ளப்பட்டால் காற்று அதிகம். பம்பின் அதிர்வு மேசையில் ஒலித்தால் அடியில் மடித்த துணியை வையுங்கள்.

ஐந்தாம் படி: பாக்டீரியாக்களுக்காகக் காத்திருப்பது

ஃபில்டர் ஓடத் தொடங்கியதும் இறாலை விட்டுவிடும் அவசரத்தால் அழிந்த தொட்டிகள் ஏராளம். தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறதே என்று தோன்றும்; ஆனால் ஸ்பாஞ்ச் இப்போது வெறும் ஸ்பாஞ்ச்தான். சாதாரணப் பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகக்கூடும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அதே வேலைக்குப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. ஆகவேதான் சைக்கிளிங் என்று சொல்லப்படும் இந்தக் காத்திருப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை நீள்கிறது.

இறால் இல்லாத தொட்டியில் அம்மோனியா 1 முதல் 2 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை வரும் அளவுக்கு அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்ப்பது கணக்கான முறை. அது கிடைக்காவிட்டால் மீன் உணவைச் சிட்டிகை அளவு போட்டு அழுகவிடலாம்; அளவு மட்டும் நம் கையில் நிற்காது. திரவச் சோதனைப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து தேதியோடு குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா அப்படியே நிற்கும். இரண்டாவது வாரத்தையொட்டி அது இறங்கத் தொடங்க, நைட்ரைட் தலைகாட்டும். நைட்ரைட் உச்சிக்குப் போய் அசையாமல் நிற்கும் அந்த நாட்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. பிறகு ஒரு வாரத்தில், சில நேரம் இரண்டே நாளில், அது மளமளவென்று இறங்கி நைட்ரேட் உயரும். அம்மோனியா சேர்த்து 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தைத் தொட்டால், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி நடந்தால், ஸ்பாஞ்ச் வேலைக்குத் தயார்.

இறங்கிவந்த அம்மோனியா நடுவழியில் நின்றுவிட்டால் முதலில் கேஎச் அளவை, அதாவது தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மையைச் சோதியுங்கள். ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் தண்ணீரின் காரத்தன்மையில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் செலவாகிறது. 2 பிபிஎம் அம்மோனியாவை ஒருமுறை மாற்றி முடிப்பதற்குள் கேஎச் அரை டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கும். அது தீர்ந்துபோனால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்து, பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். கொஞ்சம் தண்ணீரை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். காரிடினா இறாலுக்காக அமில மண் இட்ட தொட்டியில் பிஎச் ஆறையொட்டியே நிற்பதால், அங்கே இந்தக் காத்திருப்பு இயல்பாகவே நீளும்; சில அமில மண்கள் முதல் வாரங்களில் தாமே அம்மோனியாவை வெளியிடுவதால், தனியாகச் சேர்க்க வேண்டிய தேவையும் இருக்காது.

அளவைப் படிக்கும்போது பிஎச்சையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சோதனையில் தெரியும் மொத்த அம்மோனியாவில் உயிரைக் கொல்லும் பகுதி, 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் நூற்றில் அரைப் பங்கைச் சற்றே தாண்டும். பிஎச் 8 என்றால் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும். ஒரே எண் ஒரு தொட்டியில் எச்சரிக்கையாகவும் மற்றொன்றில் ஆபத்தாகவும் இருப்பது இதனால்தான்.

ஆரோக்கியமாக ஓடும் வேறொரு தொட்டி உங்களிடம் இருந்தால் இந்த வழி சுருங்கும். புதிய ஸ்பாஞ்சை அந்தத் தொட்டியில் ஒரு மாதம் ஓடவிட்டு எடுத்து வரலாம், அல்லது அங்குள்ள பழைய ஸ்பாஞ்சைப் புதியதன்மேல் பிழியலாம். அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதில்தான் விதை இருக்கிறது. அறிமுகமில்லாத தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், ஏனெனில் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் ஹைட்ராவும் பிளனேரியா புழுக்களும் அதே ஸ்பாஞ்சில் ஏறி வந்துவிடும்.

சைக்கிளிங் முடிந்தபின் பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே இறக்குங்கள். இதற்கு மேலும் இரண்டு வாரம், விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டுக் காத்திருக்கச் சொல்வேன். கல்லிலும் கட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிய வழவழப்பு படர்ந்தால்தான் இறாலுக்கு நாள் முழுதும் மேய்ச்சல் கிடைக்கும்.

இறாலை விடும் நாள்

வெப்பம் 20 முதல் 26 டிகிரிக்குள் நிலையாக இருக்கட்டும். பத்து இறால்களோடு தொடங்குவது போதுமானது. அவை வந்த தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, முடிச்சிட்ட ஏர் டியூப் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்து, பிறகு வலையால் மாற்றுங்கள். முதல் வாரம் உணவைக் குறைத்துப் போட்டு, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் அளந்து பாருங்கள்.

சுத்தம் செய்யும் முறை

நாள்காட்டியைவிட ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. குமிழிகள் வழக்கம்போல் வந்தும் லிஃப்ட் டியூபிலிருந்து கொட்டும் தண்ணீர் மெலிந்தால், அல்லது ஸ்பாஞ்சைத் தொட்டவுடன் அழுக்கு மேகம் போல் கிளம்பினால் நேரம் வந்துவிட்டது. குறைவாக உணவிடும் தொட்டியில் இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்ச் பழுப்பாக இருப்பது மட்டும் சுத்தம் செய்யக் காரணமாகாது.

வாளியில் தொட்டித் தண்ணீரையே இரண்டு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்தி, ஸ்பாஞ்சின்மேல் மேய்ந்துகொண்டிருப்பவற்றை விரலால் மெல்லத் தள்ளிவிடுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள் வைத்தே ஃபில்டரைச் சுற்றி மூடி, பையோடு சேர்த்து வெளியே எடுங்கள். பை இல்லாமல் தூக்கினால், துளைகளிலிருந்து வடியும் அழுக்கு முழுவதும் தொட்டியிலேயே இறங்கும். வாளித் தண்ணீரில் மூன்று நான்கு முறை பிழிந்தால் போதும். தண்ணீர் தெளியும்வரை பிழிய வேண்டாம். அழுக்கைத் தளர்த்துவதோடு நிறுத்திக்கொண்டால் பாக்டீரியாப் படலம் தங்கும். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின், இத்தனை வாரம் காத்திருந்து வளர்த்ததைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடக்கூடும். லிஃப்ட் டியூபின் உட்புறத்தை ஒரு சிறு தூரிகையால் தேய்த்துவிட்டு உடனே திரும்ப வைத்து ஓடவிடுங்கள்.

வாளியை உடனே கொட்டிவிடாதீர்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அழுக்கு அடியில் படியும். அப்போது டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், படிவின்மேல் இரண்டு கறுப்புப் புள்ளிகள் துள்ளி நகர்வது தெரியும். முதல் சில முறை எதுவும் இல்லை என்று நினைத்துக் கொட்டப்போன நேரத்தில்தான் என் கண் அதற்குப் பழகியது; ஒரு முறை அப்படி ஒரே வாளியில் பதினோரு குஞ்சுகளைச் சொட்டுக்குழலால் எடுத்து மீண்டும் தொட்டியில் விட்டிருக்கிறேன்.

குறைந்த தண்ணீரை ஈடுசெய்யும்போது, அதே வெப்பமும் கரைந்த தாது உப்புகளின் அதே அளவும் உள்ள தண்ணீரை மெதுவாகச் சேருங்கள். ஒரே நாளில் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் மாற்றாமலிருப்பது நல்லது. தண்ணீரின் தன்மை சடாரென்று மாறினால் இறால்கள் வேளை வருமுன்பே தோலுரிக்க முயன்று பாதியில் சிக்கி இறப்பதுண்டு.

இடையில் வரும் சிக்கல்கள்

முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கினால் அது வேறு வகைப் பாக்டீரியாக்களின் பெருக்கம். உணவைக் குறைத்துக் காத்திருந்தால் தானே தெளியும். குமிழிகள் குறைந்து பம்ப் மட்டும் உறுமினால் ஏர் ஸ்டோனைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் காற்று தாராளமாக வந்தால் ஏர் ஸ்டோன் அடைத்திருக்கிறது, அதை மாற்றினால் போதும். அப்போதும் வராவிட்டால் செக் வால்வையும், அதற்குப் பிறகு பம்பின் சவ்வையும் சோதிக்க வேண்டும். செக் வால்வும் காலப்போக்கில் இறுகியோ கசிந்தோ பழுதாகும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, ஏர் டியூபில் தண்ணீர் வால்வைத் தாண்டி ஏறுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

மின்சாரம் சில மணி நேரம் இல்லாவிட்டாலும் ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே நனைந்து நிற்பதால், மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும் ஃபில்டர்களைவிட இதிலுள்ள பாக்டீரியாக்கள் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் உணவு மட்டும் போட வேண்டாம். நீண்ட மின்தடை வரக்கூடிய இடமென்றால், பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை அதே டியூபில் மாட்டத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்ச் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பிழிந்துவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் துவண்டு கிடந்தாலோ, விரலில் துணுக்குகளாக உதிர்ந்தாலோ மாற்ற வேண்டியதுதான். அப்போதும் பழையதை அன்றே எடுத்துவிடாமல், ஏர் டியூபில் ஒரு பிரிப்பான் மாட்டி, புதியதையும் அதன் அருகிலேயே ஆறு வாரம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் இறால்கள் எல்லாம் பழையதன்மேலேயே மொய்த்துக் கிடக்கும்; நாளடைவில் ஒன்றிரண்டாகப் புதியதற்கும் ஏறி மேயத் தொடங்கும். இரண்டின்மேலும் ஏறத்தாழ ஒரே அளவில் அவை அமரும் நிலை வந்தபின், அம்மோனியாவை ஒருமுறை அளந்துவிட்டு, பழையதைப் பைக்குள் மூடி எடுத்து, வாளியில் கடைசியாகப் பிழிந்து, டார்ச் விளக்கோடு அந்தக் கால் மணி நேரத்தையும் காத்திருந்து முடியுங்கள்.